அயோவா சிற்றூரில் மூன்று ஆண்டுகள்: எதைப் பார்த்து முடிவு செய்வது?

கேள்வி: சிகாகோவில் பொது மருத்துவத்தில் ரெசிடென்சி எனப்படும் மேற்பயிற்சியை முடிக்கப்போகிறேன். பயிற்சிக்கு வரும் வெளிநாட்டு மருத்துவர்களுக்கான ஜே-1 விசாவில் இருப்பதால் கான்ராட் 30 திட்டத்தின்கீழ் வேலை தேடினேன். வடமேற்கு அயோவாவில் ஏறத்தாழ 8,000 பேர் வாழும் ஓர் ஊரில் கிடைத்திருக்கிறது. கணவர் எச்-1பி என்னும் வேலை விசாவில் வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை செய்கிறார். மகளுக்கு ஆறு வயது. அடுத்த குழந்தை ஜனவரியில் பிறக்கும். வீடு மலிவு என்கிறார்கள். அது குடும்பத்தோடு வாழத் தகுந்த ஊர்தானா என்பதை எப்படி அறிவது?

பதில்: பயிற்சி முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற ஜே-1 விதியிலிருந்து விலக்குத் தரும்படி, இந்தத் திட்டத்தின்கீழ் ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுக்கு 30 மருத்துவர்களுக்குப் பரிந்துரை செய்யலாம், பரிந்துரை பெற்றவர் மூன்று ஆண்டுகள் முழுநேரப் பணியாற்ற வேண்டும். இடையில் விலகுவது எளிதல்ல என்பதால், சம்பளத்தைப் பற்றிக் கேட்ட அளவுக்கு ஊரைப் பற்றியும் கேட்டுவிட்டே கையெழுத்திடுங்கள்.

மக்கள்தொகை குறைகிறது என்பதை மட்டும் வைத்து ஓர் ஊரைத் தள்ளிவிட வேண்டாம். டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்து நிலத்துக்கு ஆள் தேவைப்படாமல் போன பிறகும், 1980-களின் வேளாண் நெருக்கடியில் பல குடும்பங்கள் பண்ணையை இழந்த பிறகும், அயோவாவின் 99 கவுன்டிகளில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகளில்) பல தொடர்ந்து ஆட்களை இழந்துவருகின்றன. அப்படிச் சுருங்கிய ஊர்களிலும் நன்றாக நடப்பவை உண்டு. நான் முதலில் பார்ப்பது, அந்த ஊர் தன் பிள்ளைகளுக்காகத் தானே வரி கொடுக்கச் சம்மதிக்கிறதா என்பதைத்தான். அயோவாவில் பள்ளிக் கட்டடத்துக்காக, சொத்து வரியிலிருந்து அடைக்கப்படும் கடன் பத்திரம் வெளியிட வாக்காளர்களில் 60 விழுக்காட்டினரின் ஒப்புதல் வேண்டும். எல்லைக்கு அப்பால், பக்கத்து மாநிலமான மினசோட்டாவின் வொர்திங்டனில், பன்றி இறைச்சி ஆலைக்கு வந்த குடியேறிகளின் பிள்ளைகளால் வகுப்பறைகள் நிரம்பி வழிந்தும், பள்ளி விரிவாக்கத்துக்கான நிதிக் கோரிக்கைகள் வாக்கெடுப்பில் ஐந்து முறை தோற்று, 2019 நவம்பரில்தான் நிறைவேறின. ஆகவே உங்கள் ஊரில் கடைசி வாக்கெடுப்பு எப்போது நடந்தது, எதிர்த்தவர்கள் என்ன காரணம் சொன்னார்கள் என்று பள்ளி அலுவலகத்திலும் உள்ளூர்ச் செய்தித்தாளிலும் விசாரியுங்கள். பிறர் வீட்டுப் பிள்ளைகளை, அதிலும் புதிதாக வந்தவர்களின் பிள்ளைகளை, அந்த ஊர் எப்படிப் பார்க்கிறது என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும். இறைச்சி ஆலைகள் உள்ள ஸ்டார்ம் லேக் போன்ற ஊர்களில் லாவோஸிலிருந்தும் லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் வந்த குடும்பங்கள் நிறைய இருப்பதால், அத்தகைய ஊரில் உங்கள் மகள் வகுப்பில் தனித்துத் தெரிய மாட்டாள். இதை நான் சிறிய விஷயமாகக் கருதவில்லை.

உங்கள் நிலையில் மிக அவசரமானது பிரசவம். இந்தப் பகுதியின் சிறு மருத்துவமனைகளில் பல, 1997-இல் உருவான சட்ட ஏற்பாட்டின்படி அதிகபட்சம் 25 படுக்கைகளோடு இயங்குபவை. பிறப்புகள் குறைந்ததாலும் செவிலியர் கிடைக்காததாலும் அவற்றில் பல பிரசவப் பிரிவை மூடிவிட்டன. உங்களை வேலைக்கு எடுக்கும் மருத்துவமனையிலேயே நீங்கள் பிள்ளை பெற முடியாமல் போகலாம். ஆண்டுக்கு எத்தனை பிரசவம், நள்ளிரவில் சிசேரியன் செய்ய மயக்க மருத்துவப் பணியாளர் இருப்பாரா, இல்லையென்றால் அடுத்த மருத்துவமனை எத்தனை மைல் என்று கேளுங்கள். ஜனவரியில் பனிப்புயல் வீசினால் நெடுஞ்சாலையையே மூடிவிடுவார்கள். ஆம்புலன்ஸைப் பல இடங்களில் தன்னார்வலர்களே ஓட்டுகிறார்கள். வாக்காளர் ஒப்புதலோடு அதற்கென வரி வசூலிக்க அயோவா சட்டம் கவுன்டிகளுக்கு இடம் கொடுக்கிறது. உங்கள் கவுன்டி அதற்கான வாக்கெடுப்பை நடத்தியதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது தண்ணீர். சோள வயல்களுக்கு இடும் உரமும் பன்றிப் பண்ணைக் கழிவும் நைட்ரேட்டாக நீரில் இறங்குகின்றன. குடிநீரில் நைட்ரேட்-நைட்ரஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது கூட்டரசின் வரம்பு. அதைத் தாண்டிய நீரில் பால்மாவு கரைத்துக் கொடுப்பது கைக்குழந்தைக்கு ஆபத்து, காய்ச்சினால் செறிவு கூடுமே தவிரக் குறையாது. ஊர்க் குழாய் நீருக்கு ஆண்டறிக்கை உண்டு, கேட்டு வாங்கலாம். ஊருக்கு வெளியே சொந்தக் கிணறுள்ள வீடு என்றால் பரிசோதனை உரிமையாளரின் பொறுப்பு. அயோவா முழுவதும், மண்ணிலிருந்து வீட்டுக்குள் கசியும் கதிரியக்க வாயுவான ரேடான் அதிகமுள்ள மண்டலம் என்பதால், எந்த வீடானாலும் அதன் நிலவறையைச் சோதித்தபின் குடியேறுங்கள்.

வீடு மலிவாக இருப்பது நல்ல செய்திதான், ஆனால் விற்கும்போதும் அதே விலைதான் கிடைக்கும். வாங்குவதற்கு ஆளே அமையாமலும் போகலாம். முதல் ஆண்டு வாடகைக்கு இருங்கள். இணையத்தைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டாம்: தொலைபேசிக் கூட்டுறவுச் சங்கங்கள் கண்ணாடி இழை இணைப்புக் கொடுத்த சிற்றூர்கள் உண்டு, முகவரியைச் சொல்லி உறுதிசெய்துகொண்டால் போதும். எச்-1பி அனுமதி வேலை செய்யும் இடத்தோடு பிணைந்தது; கணவர் சிகாகோ வட்டாரத்தை விட்டு வெளியேறுவதால் அவருடைய நிறுவனம் எச்-1பி திருத்த விண்ணப்பத்தை முன்கூட்டியே தாக்கல் செய்தாக வேண்டும். வீட்டிலிருந்து செய்யும் வேலைதானே என்று இதை விட்டுவிடாதீர்கள்.

தனிமையை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. சொல்லாமலே வந்து வாசல் பனியைத் தள்ளிக் கொடுக்கும் பக்கத்து வீட்டுக்காரர்கள் அங்கே இருப்பார்கள். ஆனால் நட்பும் விருந்தும் பெரும்பாலும் தேவாலயத்தைச் சுற்றியே அமைந்திருக்கும். கோயிலுக்கும் மளிகைக்கும் ஒமாஹா போன்ற நகரத்துக்குக் கார் ஓட்ட வேண்டும். பகலெல்லாம் மருத்துவமனையில் இருக்கும் உங்களைவிட, வீட்டுக்குள் வேலை செய்யும் கணவருக்கே இது கடினம். ஆகவே உங்களுக்கு முன் இதே திட்டத்தில் எத்தனை மருத்துவர்கள் அங்கே வந்தார்கள், மூன்று ஆண்டு முடிந்தபின் எத்தனை பேர் தங்கினார்கள் என்று மருத்துவமனையிடம் கேளுங்கள். விட்டுப்போன ஒருவரின் தொடர்பு கிடைத்தால், அவருடைய துணைவரிடம் உங்கள் கணவர் அரை மணி நேரம் பேசட்டும்.