உங்கள் இரவு தெரபிஸ்டுக்கு எப்படிப் புரியும்?

கேள்வி: மகனுக்கு ஆறு வயது, ஆட்டிசம். கணவர் விசைப்படகில் போகிறவர். தெரபி மையத்தில் தினமும் இரண்டு மணி நேரம் வீட்டில் பயிற்சி கொடுக்கச் சொல்கிறார்கள். பையனோ ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்தால் விடியும்வரை தூங்குவதில்லை. முடியவில்லை என்றால், "அக்கறை இல்லை" என்கிறார்கள். எப்படிப் புரியவைப்பது?
- வாசகி, ராமேஸ்வரம்

பதில்: அக்கறை இல்லாதவர் இப்படிக் கேட்டு எழுதமாட்டார், அம்மா. பயிற்சித் தாளைக் கையில் திணித்துவிட்டு, அதைச் செய்ய வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்காதது எங்கள் துறையின் தவறு.

வாயால் விளக்கப் போனால் அழுகைதான் வரும். மூன்று நாள் மட்டும் நோட்டில் நேரம் போட்டு எழுதுங்கள்: எப்போது எழுந்தான், என்ன சாப்பிட்டான், எதற்குக் கத்தினான், எப்போது அடங்கினான், அப்போது கூட யார் இருந்தார்கள். அதில் ஒரு நாளாவது படகு போன நாளாக இருக்கட்டும். உங்கள் ஊரில் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகிறார்கள். அப்பா இல்லாத ராத்திரிகளில்தான் பையன் விழிக்கிறான் என்று தெரிந்தால், காலண்டரில் அந்த நாள்களில் படகுப் படம் ஒட்டி முன்கூட்டியே காட்டுங்கள்.

நோட்டைத் தெரபிஸ்டிடம் கொடுத்து, "இந்த நாளுக்குள் எந்த ஒரு பயிற்சியைச் சேர்க்கலாம்?" என்று கேளுங்கள். ஒன்று போதும். குளிக்கும்போது "தண்ணி" என்று கேட்கவைப்பதும் பேச்சுப் பயிற்சிதான். புதுப் பழக்கம் எதையும் ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஆரம்பித்தால் கணவரும் கைகொடுப்பார்.

பயிற்சியைக் குறைக்கலாம், வலிப்பு மாத்திரையை மட்டும் நீங்களாகக் குறைக்கக் கூடாது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் சிலருக்கு வலிப்பும் உண்டு. உங்கள் மகனுக்கு அப்படி மாத்திரை கொடுத்திருந்தால், வலிப்பு வந்து பல மாதம் ஆகியிருந்தாலும், மந்தமாக இருக்கிறான் என்று தோன்றினாலும், மாத்திரை தீர்ந்து பஸ் ஏற நேரமில்லாவிட்டாலும் நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் வரலாம். டாக்டர் சொல்லி, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அப்புறம், இப்படிக் களைத்துப்போன தாய்மார்களைத் தேடித்தான் ஏஜென்டுகள் வருகிறார்கள். ஸ்டெம் செல் ஊசி போட்டால் குணமாகும் என்பார்கள். நகையை அடகு வைத்துவிடாதீர்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. அப்படியும் விற்க வருகிறவர்கள் இருக்கலாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கித் தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்பவரிடமும் ஏமாறாதீர்கள். அரசு அந்த அட்டைக்குக் கட்டணம் வாங்குவதில்லை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் நேரிலேயே கேளுங்கள். அங்கே அலையவிட்டால் கலெக்டரின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள்.