குழந்தைக்கு ‘பாதி’ என்ற சொல்லைப் புரியவைப்பது: கேள்வி பதில்

கே: டீச்சர், பொண்ணுக்கு நாலரை வயசு. தோசையை எப்படிப் பிய்ச்சாலும் ‘பாதி’ங்கறா.

ப: அவளுக்குப் பாதி என்றால் ஒரு துண்டு, அவ்வளவுதான். துண்டு இரண்டே இருக்க வேண்டும், இரண்டும் சமமாக இருக்க வேண்டும் என்பது இன்னும் பிடிபடவில்லை. சப்பாத்தியை எடுங்கள், முறுகல் தோசை மடித்தால் உடையும். ஓரத்தோடு ஓரம் சேர அவளே மடிக்கட்டும். மடிப்பில் பிய்த்து ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்க்கட்டும். அடுத்ததை வேண்டுமென்றே கோணலாகப் பிய்த்து “இது பாதியா?” என்று கேளுங்கள். ‘இல்லை’ என்றால்தான் புரிந்திருக்கிறது.

சப்பாத்தியோடு நிறுத்தினால் பாதி என்றாலே அரைவட்டம் என்று பதிந்துவிடும். எட்டுப் புளியங்கொட்டையை உனக்கொன்று எனக்கொன்று என்று பங்கு போடச் சொல்லுங்கள். தண்ணீர் கடைசியில்தான், அதுவும் ஒரே மாதிரி இரண்டு டம்ளரில். ஒன்று ஒல்லியாக இருந்தால், ஆறேழு வயதுவரை பல பிள்ளைகள் மட்டம் உயர்ந்ததைத்தான் ‘நிறைய’ என்பார்கள்.

ஒன்று முக்கியம்: ‘பெரிய பாதி தம்பிக்கு’ என்று வீட்டில் யாரும் சொல்லக்கூடாது.

கே: எந்த வயசுல ஆரம்பிக்கலாம்?

ப: பங்கு போடத் தெரிந்ததும்.

கே: மூணு வயசுக்குச் சொல்லித் தரலாமா?

ப: மேலே பாருங்கள்.

கே: பாதி, அரை ரெண்டும் ஒண்ணுதானே?

ப: அளவு ஒன்று, புழக்கம் வேறு. அரைக் கிலோ, அரை மணி, இரண்டரை என்கிறோம். கடையில் ‘பாதிக் கிலோ’ கேட்பாரில்லை. அரை ஓர் எண். பாதி என்றால் ‘எதில் பாதி?’ என்ற கேள்வி கூடவே வரும்.

கே: ஒத்துக்க மாட்டேன். எங்க வீட்ல ‘அரை இட்லி போதும்’னுதான் சொல்வோம்.

ப: இட்லியை எண்ணுகிறோம்: ஒன்று, ஒன்றரை. அதனால் அரை ஒட்டுகிறது. பத்து இட்லியில் பாதி என்றால் ஐந்து. ‘பத்து இட்லியில் அரை’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கே ஒத்துக்கொள்ளாது.

கே: அப்போ ‘பாதி வழியில வண்டி நின்னுடுச்சு’? அங்க யாரு டேப் வெச்சு அளந்தா?

ப: நல்ல பிடி. அங்கே ‘போய்ச் சேருவதற்குள்’ என்றுதான் பொருள். ‘அரைவேக்காடு’ம் அப்படித்தான், சரிபாதி வெந்தது என்றில்லை. குழந்தையிடம் முதலில் சரிபாதியை மட்டும் பேசுங்கள். இந்தப் புழக்கம் காதில் விழுந்து தானே வரும்.

கே: ‘கால் கிலோ’ன்னா பையன் அவன் காலைக் காட்டறான்.

ப: காட்டட்டும். மடித்த சப்பாத்தியை இன்னொரு மடி மடியுங்கள். நாலில் ஒன்று கால்.

கே: ஏழு முறுக்கு இருந்தா?

ப: மூன்று, மூன்று. மிச்சத்தை உடையுங்கள். கோணலாக உடைந்தால் ‘பெரிய துண்டு’ என்று சொல்லுங்கள். பெரிய பாதி அல்ல!