முதல் நாள் சிரிக்கட்டும்

அன்புள்ள அண்ணா,

ஆறு மாதமாகச் சனிக்கிழமைகளில் கொழும்பு புறக்கோட்டையில், மூட்டை தூக்கும் நாட்டாமிமாரைப் படம் எடுத்து வருகிறேன். கேட்டுவிட்டு எடுத்தால் நிமிர்ந்து நின்று சிரிக்கிறார்கள். கேட்காமல் எடுத்தால் திருட்டு வேலை மாதிரி இருக்கிறது. என்ன செய்வது? வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இதில் இறங்கலாமா? மூன்று படங்கள் இணைத்திருக்கிறேன்.

ர., கொட்டாஞ்சேனை

அன்புள்ள ர.,

வேலையை விடவேண்டாம். என் வீட்டு வாடகையை இன்றைக்கும் கட்டுவது கலியாணப் படங்கள்தான். கையில் காசு வந்தால் முதலில் இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். நம் நாட்டின் பெரிய புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் 1944இல் இறந்த பிறகு அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. நமக்கு மிஞ்சியவை பிரின்ட்கள்தான்.

சிரிப்புக்கு வருவோம். முதல் நாள் சிரிக்கட்டும், அதையும் எடுங்கள். பிரின்ட் போட்டு அடுத்த சனிக்கிழமை கையில் கொடுங்கள். மூன்றாம் வாரம் "இவன் வந்திட்டான்" என்றுவிட்டு மூட்டையைத் தூக்கப் போய்விடுவார்கள். அப்புறம் பேச்சுக் கொடுங்கள்: எந்த ஊர், மூட்டைக்கு என்ன கூலி, கைவண்டி சொந்தமா வாடகையா. அன்றிரவே எழுதி வையுங்கள். நீங்கள் அனுப்பிய மூன்றிலும் முதுகு இருக்கிறது, பெயர் இல்லை.

இன்னொன்று. பின்னணி எல்லாம் பஞ்சு மாதிரிக் கரைந்து கிடக்கிறது. 35 மில்லிமீற்றர் லென்ஸைப் போட்டு, அப்பேர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, 8இல் வையுங்கள்; பின்னணியும் தெளிவாக விழும். பட்டதால் சொல்கிறேன்.

கொம்பனித்தெருவில் ஒரு ஒழுங்கையை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்து சில வாரம் அங்கே எடுத்தேன். ஒரு அம்மா வாசல்நிலையில் சாய்ந்து நின்றார். நல்ல வெளிச்சம். அப்பேர்ச்சரை 1.8இல் அகலத் திறந்து முகத்தை மட்டும் கூர்மையாக எடுத்தேன். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டிய படம் அது. அவர் தொடர்மாடிக்குக் குடிபோன பிறகு பிரின்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். தன் முகத்தைப் பார்க்கவே இல்லை. தோளுக்குப் பின்னால் விரலை வைத்துத் தடவினார். பிள்ளைகள் மூன்று பேரின் உயரத்தையும் வருடாவருடம் பென்சிலால் கோடு போட்டு வைத்த சுவராம் அது.

"கோடு தெரியுதில்லையே தம்பி. வேற படம் இருக்கா?"

வீட்டுக்கு வந்து தேடினேன். அந்த வீட்டில் மட்டும் இருநூறு சொச்சம் எடுத்திருந்தேன். எல்லாம் முகம்.