டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் விந்தணு எண்ணிக்கை கூடுமா?

டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது, குழந்தைக்கு முயன்றுகொண்டிருக்கிறோம், ஊசி போட்டுக்கொண்டால் விந்தணு கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. குறையும். பலருக்குச் சில மாதங்களில் சுத்தமாக நின்றே போய்விடும். இதே கேள்வியோடு டாக்டர் முன்னால் உட்கார்ந்தவன் நான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்று இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. எல்.எச். சொன்னால்தான் விரை டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும். எஃப்.எஸ்.எச். விந்தணு உற்பத்திக்குத் துணை நிற்கும். விந்தணு உருவாக, ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் விரைக்குள்ளேயே இருக்க வேண்டும். ஊசியோ ஜெல்லோ ரத்த அளவைத்தான் ஏற்றும். அதைப் பார்த்ததும் பிட்யூட்டரி, சரி, தேவைக்கு இருக்கிறது என்று இரண்டையும் அடக்கிவிடும். ரிப்போர்ட்டில் எண் அழகாக ஏறியிருக்கும், விரைக்குள் வறட்சி. இந்த ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார நிறுவனம் ஆராய்ந்து பார்த்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஜிம்மில் கிடைக்கும் ஸ்டீராய்டுக்கும் இதே கதைதான்.

என் ரிப்போர்ட்டில் டாக்டர் டெஸ்டோஸ்டிரோன் வரியில் நிற்கவே இல்லை, விரல் நேராக எல்.எச்.சுக்குப் போனது. டெஸ்டோஸ்டிரோன் குறைந்து எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டும் ஏறியிருந்தால் கோளாறு விரையில்: ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர், புட்டாளம்மை வந்து விரை வீங்கியது, கீமோதெரபி என்று காரணங்கள் உண்டு. இவையும் சேர்ந்து குறைந்திருந்தால் கோளாறு மேலே, பிட்யூட்டரிப் பக்கம். எனக்கு இரண்டாவது. அடுத்து புரோலாக்டின் பார்த்தார்கள், எக்கச்சக்கம். அதுவும் பிட்யூட்டரி சுரக்கும் ஹார்மோன்தான், அளவு மீறினால் எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் அடக்கிவிடும். எம்.ஆர்.ஐ.யில் பிட்யூட்டரியில் சின்னக் கட்டி, புற்றுநோய் இல்லை. ஆசையே இல்லாமல் போனதை நான் வேலைச் சுமை என்று நினைத்திருந்தேன். கேபர்கோலின் மாத்திரையிலேயே புரோலாக்டின் இறங்கியது, டெஸ்டோஸ்டிரோன் தானாக ஏறியது. விந்தணு எண்ணிக்கை அதற்கும் பிறகுதான் அசைந்தது. ஒரு விந்தணு உருவாகவே இரண்டரை மாதம் போல ஆகும், அவசரப்பட்டுப் பயனில்லை.

எல்லோருக்கும் கட்டி இருக்காது. உடல் பருமனில் கொழுப்பே டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும், எடை குறைந்தால் பலருக்கு அளவு ஏறுகிறது. தைராய்டும் குழப்பும். பிட்யூட்டரி போதிய அளவு அனுப்பாதவர்களுக்கு எச்.சி.ஜி. (எல்.எச். போலவே வேலை செய்யும் ஹார்மோன்), எஃப்.எஸ்.எச். ஊசிகள் இருக்கின்றன. பெயர் ஊசிதான், ஆனால் இவை விரையையே வேலை செய்ய வைப்பவை.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: டெஸ்டோஸ்டிரோனைக் காலையில், வெறும் வயிற்றில், இன்னொரு நாள் மறுபடி பாருங்கள். பகலில் அது இறங்கும். கூடவே எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின், தைராய்டு. விந்துப் பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இடைவெளி வேண்டும். அப்புறம், ஏற்கெனவே டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஏதாவது போட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். நிறுத்தினால் பெரும்பாலோருக்கு உற்பத்தி திரும்பிவிடும், மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்தையும் தாண்டும்.