மருத்துவக் கவுன்சில் விசாரணையில் கைபேசிப் பதிவும் செவிலியரின் சொல்லும் எடுபடுமா?

தம் தந்தைக்கு அளிக்கப்பட்ட சிகிச்சை குறித்துத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் அளித்துள்ள ஒருவர், மருத்துவர் பேசியதை அவருக்குத் தெரியாமல் கைபேசியில் பதிவு செய்திருப்பதாகவும், பணியிலிருந்த செவிலியர் தம்மிடம் சொன்ன ஒரு செய்தி நினைவில் இருப்பதாகவும் கூறி, இவை சாட்சியமாக ஏற்கப்படுமா என்று கேட்டிருக்கிறார். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தொழில் செய்யும் வழக்கறிஞன் நான். இத்தகைய புகார்களில் நோயாளி தரப்புக்கும் மருத்துவர் தரப்புக்கும் ஆஜராகியிருக்கிறேன்.

கவுன்சில் நீதிமன்றம் அன்று. சாட்சியச் சட்டத்தின் நுணுக்கமான விதிகள் இத்தகைய ஒழுங்கு விசாரணைகளை அப்படியே கட்டுப்படுத்துவதில்லை. 1977-இல் ஹரியானாவைச் சேர்ந்த பேருந்து நடத்துனர் ஒருவரின் பணிநீக்க வழக்கில், பயணிகள் எவரையும் விசாரிக்காமல் பரிசோதகரின் வாக்குமூலத்தை மட்டும் ஏற்றது தவறில்லை என்றும், நம்பகத்தன்மையும் விஷயத்தோடு தொடர்பும் இருந்தால் செவிவழிச் சாட்சியத்தையும், அதாவது பிறர் சொல்லக் கேட்டதை ஒருவர் வந்து சொல்வதையும், பார்க்கலாம் என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. அது நிர்வாகத் துறை விசாரணை என்றாலும், அதே தத்துவத்தைத்தான் இங்கும் எடுத்துக்காட்டுகிறோம். ஆகவே வாசல் அகலமானது. உள்ளே வந்த பிறகு எதிர்த்தரப்பு அதைச் சோதிக்க வாய்ப்புப் பெற்றதா என்பதே உண்மையான கேள்வி. மருத்துவர் நேரிலோ வழக்கறிஞர் மூலமோ தம் தரப்பைச் சொல்ல முழு வாய்ப்பு வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டின் தொழில் நெறி விதிமுறைகளே கூறுகின்றன.

ரகசியப் பதிவைப் பொறுத்தவரை, 1972-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு உங்களுக்குச் சுவையாக இருக்கும். அறுவை சிகிச்சைக்குப் பின் இறந்த ஒரு நோயாளியின் தொடர்பில், பம்பாய் நகரக் கரோனர் (சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதிகாரி) ஒரு மருத்துவரிடம் லஞ்சம் கேட்ட தொலைபேசிப் பேச்சு அது. பேச்சு விஷயத்தோடு தொடர்புடையதாகவும், குரல் யாருடையது என்பது உறுதியானதாகவும், பதிவு திருத்தப்படாததாகவும் இருந்தால் ஏற்கலாம் என்றார்கள். எனவே அந்தக் கைபேசியை விற்றுவிடாதீர்கள், மூலப் பதிவை வெட்டவும் செய்யாதீர்கள்.

ஆயினும் பதிவின் மீது அளவுக்கு மீறி நம்பிக்கை வைப்பது வீண். மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் மஞ்சள் பையிலிருந்து பென் டிரைவை எடுத்துக் கொடுத்தார். நாற்பது நிமிடப் பதிவில் பெரும்பகுதி மின்விசிறிச் சத்தமும் வராந்தாவில் யாரோ யாரையோ அதட்டுவதும்தான். அதே பையில் அவர் பொருட்படுத்தாமல் மடித்து வைத்திருந்த கேஸ் ஷீட் நகலில், நான்கு மணிக் குறிப்புக்கும் ஆறரை மணிக் குறிப்புக்கும் நடுவே, வரி இடைவெளியில் நெருக்கி, "டாக்டருக்குத் தகவல் சொல்லப்பட்டது" என்று வேறொரு கையெழுத்தில் இருந்தது. மூலத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்று கேட்க அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். எழுத்து மூலம் இன்றே கேளுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

செவிலியர் சொன்னதுதான் சிக்கலானது. பிரிட்டனின் மருத்துவக் கவுன்சில் விதிகள், நியாயமானதும் தொடர்புடையதுமான எதையும், நீதிமன்றம் ஏற்குமா என்று பாராமல் ஏற்க இடமளிக்கின்றன. அப்படியிருந்தும், 2011-இல் லண்டன் உயர் நீதிமன்றம், வரத் தயாராயிருந்த முக்கியச் சாட்சியை அழைக்காமல் அவருடைய எழுத்து வாக்குமூலத்தை மட்டும் வாசிக்க அனுமதித்தது நியாயமன்று என்று ரத்து செய்தது. குற்றச்சாட்டு கடுமையாக இருக்க, அதைத் தாங்கும் ஒரே தூணைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாமற்போவதை இங்கும் எந்த வழக்கறிஞரும் சும்மா விடமாட்டார். மருத்துவர் தரப்பில் நின்றபோது நானும் விட்டதில்லை.

ஆகவே "செவிலியர் சொன்னார்" என்று எழுதுவதோடு நிறுத்தாமல், அவர் பெயர், பணி நேரம், அவர் பயன்படுத்திய சொற்கள் ஆகியவற்றைப் புகாரோடு இணைக்கும் அபிடவிட்டில் (பிரமாணப் பத்திரத்தில்) குறிப்பிட்டு, அவரை அழைத்து விசாரிக்கும்படி தனி மனு கொடுங்கள். அவர் வர மறுத்தாலும், நீங்கள் கேட்டீர்கள் என்பது கோப்பில் இருக்கும். மேல்முறையீட்டில் அது உதவும்.