டீச்சர், ஒரு சந்தேகம்!

(பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற அரசுப் பள்ளிக் கணித ஆசிரியை)

காலை நாலு மணிக்கு எழுந்து படிக்கிறேன். ராத்திரி பதினோரு மணி வரை புத்தகமும் கையுமாகத்தான் இருக்கிறேன். அறிவியல் பாடங்களை மூன்று தடவை வாசித்தும், காலாண்டுத் தேர்வில் கேள்வித்தாளைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. எனக்கு ஞாபகசக்தி குறைவா டீச்சர்?
– பத்தாம் வகுப்பு மாணவி, மன்னார்குடி

உன் ஞாபகசக்திக்கு ஒரு குறையும் இல்லையம்மா. மூன்று தடவை வாசித்தாய், சரி. ஒரு தடவையாவது புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்த்தாயா? உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இரண்டாம் முறை வாசிக்கும்போது எல்லா வரியும் பார்த்த முகமாகத் தெரியும். 'இது எனக்குத் தெரியும்' என்று மனசு சொல்லிவிடும். தேர்வறையில் புத்தகம் எதிரே இருக்காதே!

2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவினர் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பத் திரும்ப வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. ராத்திரி தெரிந்தது தேர்வன்று தெரியாமல் போன காரணம் இப்போது புரிகிறதா?

இன்றைக்கே 'இயக்க விதிகள்' பாடத்தை எடு. நிறை, எடை பற்றிய பகுதியை ஒரு முறை நிதானமாக வாசி. புத்தகத்தை மூடு. பழைய நோட்டில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளை எழுது. எடையின் அலகு கிலோகிராமா, நியூட்டனா என்று கை தயங்கும். தயங்கிய இடத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டு, பிறகு புத்தகத்தைத் திறந்து சரிபார். மறுநாள் வட்டம் போட்டதை மட்டும் எழுது. மூன்று நாள் விட்டு ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை. ஒளியியலில் குவிலென்ஸ் படங்களையும் இப்படியே பார்க்காமல் வரைந்து பழகு. முதல் வாரம் பக்கம் முழுக்க வட்டமாக இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி வாசிப்புக்கே போய்விடாதே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பதினோரு மணிக்குப் படுத்து நாலு மணிக்கு எழுந்தால் தூக்கம் ஐந்து மணி நேரம்தான். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. படித்தது மனதில் பதிவதற்கும் தூக்கம் வேண்டும். விடியற்காலைப் படிப்பு நல்லதுதான், சீக்கிரம் படுக்கிற வீட்டில். நீ ஒன்பதரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழு. வீட்டில் யாராவது மறுத்தால் இந்தப் பக்கத்தைக் காட்டு.

பள்ளி விட்டு பஸ் பிடித்து வீடு வர ஆறரை ஆகிறது. எட்டரை வரை அப்பாவின் மளிகைக் கடையில் நிற்க வேண்டும். டைம்டேபிள் போட்டால் இரண்டு நாள்கூட ஓடுவதில்லை.
– பிளஸ் டூ மாணவர், உசிலம்பட்டி

நீ அனுப்பிய டைம்டேபிளைப் பார்த்தேன் தம்பி. ஏழு முதல் எட்டு வேதியியல் என்று போட்டிருக்கிறாய். அந்த நேரத்தில் கடையில் அல்லவா நிற்கிறாய்? சாப்பாட்டுக்கும் இடமே இல்லை. முதலில் பள்ளி, பஸ், கடை, சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றையும் அடைத்துவிடு. மிச்சம் இருப்பது ராத்திரி ஒன்பது முதல் பத்து, காலை ஆறு முதல் ஏழரை. இரண்டரை மணி நேரம். கவனமாகப் படித்தால் அது குறைவில்லை. கஷ்டமான பாடத்தைக் காலைக்கு வை.

'வேதியியல்' என்று மொட்டையாக எழுதாதே. 'பாடத்தின் பின்னால் உள்ள ஐந்து கேள்விகளுக்குப் பார்க்காமல் விடை' என்று எழுது. முடிந்ததா இல்லையா என்று உனக்கே தெரியும். பஸ்ஸில் நின்றுகொண்டே ஒரு மதிப்பெண் கேள்விகளை முடிக்கலாம். விட்டுப்போனதைப் பிடிக்க ஞாயிறு மதியத்தைக் காலியாக வை. பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதம் கடைக்கு வேறு ஏற்பாடு செய்யும்படி அப்பாவிடம் இப்போதே கேள். கடைசி நேரத்தில் சொன்னால் அவருக்கும் சிரமம்.

வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வருகிறது. மகனிடமிருந்து போனைப் பிடுங்கவும் முடியவில்லை, கொடுக்கவும் பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், ஆம்பூர்

வந்ததை நோட்டில் எழுதிக்கொள்ள பத்து நிமிடம் கொடுங்கள். அப்புறம் போன் வேறு அறைக்குப் போகட்டும். மேசையில் கவிழ்த்து வைப்பது போதாது. அந்த நேரத்தில் உங்கள் போனும், டிவி சீரியலும் ஓய்வெடுக்கட்டும் அம்மா.

கணக்குத் தேர்வில் கிராஃப் போட நேரமே கிடைப்பதில்லை. என்ன செய்வது?
– பத்தாம் வகுப்பு மாணவர், செய்யாறு

செய்முறை வடிவியலும் கிராஃபும் தலா 8 மதிப்பெண். நூற்றில் 16! அதைக் கடைசிக்குத் தள்ளலாமா? தேர்வில் கேள்வித்தாளை வாசிக்க மட்டும் 10 நிமிடம் தருகிறார்கள். இவை வரும் 43, 44-ஆம் கேள்விகள் ஒவ்வொன்றிலும் 'அல்லது' போட்டுத் தரும் இரண்டில் எதை எழுதுவது என்று அப்போதே முடிவு செய். ஒரு மதிப்பெண் கேள்விகளை முடித்த கையோடு இந்த இரண்டையும் போட்டுவிடு. வாரம் ஒரு தொடுகோடு, ஒரு இருபடி வரைபடம் என்று கடிகாரத்தை வைத்துப் பழகு. ஒவ்வொன்றையும் கால் மணி நேரத்தில் முடிக்கப் பார். உதவிப்படமும் அளவுத்திட்டமும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, திங்கட்கிழமை உன் கணக்கு ஆசிரியரிடம் கொடுத்துத் திருத்தி வாங்கு.