பாரத்தை விடுங்கள், நிலத்துக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

தம்பி, இங்கே நோர்வேயில் லில்லஹாமர் பக்கம் வீடு வாங்கியிருக்கிறீர்கள். 300 கிலோ மாக்கல் விறகடுப்பை வைத்தால் சீமெந்து நிலம் தாங்குமா என்று கேட்டிருந்தீர்கள். மண்ணின் மேல் வார்த்த கொங்கிரீட், பெரிய வெடிப்பில்லை என்றால் தாங்கும். நல்ல கொங்கிரீட் சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோவுக்கு மேல் தாங்கக்கூடியது. உங்கள் அடுப்பு உள்ளங்கை அகலமான நாலு காலில் நின்றால்கூட 2 கிலோ வராது. மாடியில் வைப்பதென்றால் கதை வேறு. அங்கே வீடுகளுக்குப் போடும் கணக்கு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோதான். பொறியியலாளரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

நான் பிழை விட்டது பாரத்தில் இல்லை. லமினேட் பலகைக்கு மேலேயே இரும்புத் தகடு போட்டு அடுப்பை ஏற்றிவிட்டேன். அந்தப் பலகை ஒட்டாமல் சும்மா மிதக்கிறது. மாரியில் வீட்டுக் காற்று காய்ந்து சுருங்கும், கோடையில் விரியும். ஒரு மூலையை அடுப்பு அமுக்கிப் பிடித்துக்கொள்ள, பலகை மற்றப் பக்கம் இழுத்தது. பங்குனி மாதம் பார்த்தால், ஒரு குரோனர் காசு நெட்டுக்கு விழுகிற அளவுக்கு இடைவெளி. கடைசியில் அடுப்பை இறக்கி, பலகையை வெட்டி, கொங்கிரீட்டில் நேரே வைத்தேன். நீங்கள் முதலே வெட்டிவிடுங்கள். நிலம் சரிவாக இருக்கும். மட்டம் பார்த்து, காலுக்குக் கீழே இரும்புத் துண்டு வையுங்கள், மரத்துண்டு வேண்டாம்.

வெட்டமுதல் இன்னொன்று. இங்கே பல வீடுகளில் கொங்கிரீட்டுக்குள் சூடாக்கும் வயரோ சுடுதண்ணிக் குழாயோ ஓடும். எங்கே ஓடுகிறது என்ற படத்தைப் பழைய சொந்தக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். அது தெரியாமல் துளை போடக்கூடாது. வயருக்கு மேலே அடுப்பு உட்கார்ந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் வயர் எரிந்துபோகலாம்.

அடுப்பு வாயிலுக்கு முன்னால் எரியாத தரை குறைந்தது 30 சென்டிமீட்டர் வேண்டும், தணல் தெறிக்கும். ஓடு பதித்த நிலமென்றால் அதுவே போதும். வாங்கமுதலே புகைபோக்கி துப்புரவு செய்பவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பூட்டினபிறகு தகுதியானவர் பார்த்துச் சரி சொல்லவேண்டும், தீயணைப்புப் பகுதிக்கும் அறிவிக்கவேண்டும்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு தனிக் கரைச்சல்: குசினியில் மீன் பொரிக்கும்போது புகையுறிஞ்சியை முழு வேகத்தில் விடுவோம். புது வீடுகள் இறுக்கமானவை, காற்று வர வழியில்லை. அது அடுப்புப் புகையைத் திருப்பி வீட்டுக்குள் இழுக்கும். வெளிக்காற்றுக் குழாய் கட்டாயம் வைக்கச் சொல்லுங்கள். அதுவரை யன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டுப் பொரியுங்கள்.

தூக்க நாலு பேர் வேண்டும். கதவையும் உள்தட்டுகளையும் மாக்கல் துண்டுகளையும் கழற்றினால் பாதிப் பாரம் குறையும். சனிக்கிழமை என்றால் நானும் வருகிறேன்.